ரெண்டு அத்தான்

லிஃப்ட் பழுதுபார்ப்பது அவருடைய தொழில். ஊரில் இருக்கிற உயரமான கட்டடங்களில் பாதிக்கு மேல் அவர் கை பட்டுத்தான் ஏறி இறங்கின. ஆனால் அவர் குடியிருந்ததோ லிஃப்டே இல்லாத ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில். "ஊரையே ஏத்தி இறக்குறீங்க, கட்டினவள மட்டும் படியேற விட்டுட்டீங்க" என்று மனைவி கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த மனைவி ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கடைசி மூன்று படிகளை ஒரே படியென்று நினைத்து இறங்கிக் கணுக்காலை உடைத்துக்கொண்டாள். ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டிலை விட்டு அசையக்கூடாது.

கால் வலியைவிட அவளை வாட்டியது வேறொன்று. மறுநாள் புதன்கிழமை. தம்பியை வலிப்பு டாக்டரிடம் காட்ட வேண்டிய நாள். மூன்று மாதம் காத்திருந்து கிடைத்த நாள்.

"நீங்கதான் கூட்டிட்டுப் போகணும்," என்றாள்.

"கூட்டிட்டுப் போனா போச்சு. இது என்ன பெரிய மலையா?" என்றார் மெக்கானிக்.

"அவன் என்ன மாத்திரை சாப்பிடுறான்னு தெரியுமா உங்களுக்கு?"

"வெள்ளை மாத்திரை."

அவள் தலையணையை எடுத்து முகத்தில் வைத்து மூடிக்கொண்டாள்.

தம்பிக்கு முப்பத்து நாலு வயது. பிறவியிலேயே அறிவு வளர்ச்சி மெதுவானவன். எழுத்துக்கூட்டிப் படிப்பான், கடிகாரம் பார்ப்பான். ஆனால் மூன்று வேலையை ஒரே மூச்சில் சொன்னால் நடு வேலை எங்கேயோ காணாமல் போய்விடும். ஆறு வயதில் முதல் வலிப்பு வந்தது. அம்மா அப்பா போன பிறகு பதினொரு வருஷமாக அக்கா வீட்டில்தான் இருந்தான். வீட்டில் அவனுக்கு 'மேனேஜர்' என்று பெயர். யார் எந்த வேலையைச் செய்தாலும் பக்கத்தில் வந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்பான்; முடிந்ததும் "ம்... சரி" என்பான். அந்த "சரி" கிடைக்காவிட்டால் அந்த வீட்டில் ஒரு ஆணிகூட சுவரில் தங்காது.

வெளியிலும் அவனுக்கு வேலை இருந்தது. ஹோட்டல்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் துணி வெளுத்துக் கொடுக்கிற ஒரு பெரிய சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிப்பான். அவன் மடித்த விரிப்பின் நாலு முனையும் ஒன்றன் மேல் ஒன்று அப்படியே உட்காரும். புதிதாக வருகிறவர்களுக்கு அவன் அடுக்கைத்தான் காட்டுவார்கள்.

எட்டு மாதத்துக்கு முன்னால் வலிப்பு அடிக்கடி வர ஆரம்பித்தது. அப்போது பார்த்த டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். வலிப்பு குறைந்தது. வீடே நிம்மதியாக மூச்சு விட்டது. ஆனால் அதோடு இன்னொரு தலைவலி பிடித்துக்கொண்டது. காலையில் படியிறங்க மாட்டேனென்று மேனேஜர் அடம்பிடிக்க ஆரம்பித்தான். சுவரைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு படியையும் காலால் தடவித் தடவி இறங்குவான். மூன்று மாடிக்கு இருபது நிமிஷம். பின்னால் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மெக்கானிக் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார். "மகாராஜா பவனி முடிஞ்சதா? எனக்கு வேலைக்கு நேரமாகுதுப்பா!" என்று கத்தாத நாளில்லை.

இன்னொரு புது வழக்கமும் வந்தது. காலைச் சாப்பாடு ஆகி, மெக்கானிக் சட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்றால், அவரை ஏற இறங்கப் பார்த்து, "ரெண்டு அத்தான்" என்பான். மெக்கானிக்குக் கொஞ்சம் தொப்பை உண்டு. மனைவி விழுந்து விழுந்து சிரிப்பாள். "தெரியுதா? ஒரு ஆளா இருந்தவரு ரெண்டு ஆளாயிட்டீங்க. அவன் கண்ணுக்கே தெரியுது!" மெக்கானிக்கும் வயிற்றைத் தட்டிக்கொண்டு சிரித்துவிட்டுப் போவார்.

சிரிப்பெல்லாம் சலவைக்கூடத்திலிருந்து கடிதம் வரும்வரைதான். சூப்பர்வைசர் எழுதியிருந்தார்: துணி அடுக்கைக் கீழே போடுகிறார், தள்ளுவண்டியில் போய் மோதுகிறார், இவற்றைவிட முக்கியமாக, கூட வேலை செய்யும் பெண்களைப் பார்த்துக் கண்ணடிக்கிறார் என்று புகார் வந்திருக்கிறது. டாக்டரைப் பார்த்து ஒரு முடிவு தெரியும்வரை வேலைக்கு வர வேண்டாம்.

அக்காவுக்கு மானம் போய்விட்டது. மெக்கானிக் முதலில் சிரித்துவிட்டு, மனைவியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கி, மச்சானை உட்கார வைத்துப் பேசினார். "இங்க பாரு, பொம்பளைங்களைப் பார்த்துக் கண்ணடிக்கக் கூடாது. தப்பு."

"நான் அடிக்கல," என்றான் மேனேஜர். "மூடுறேன்."

"மூடவும் கூடாது."

அத்தோடு பேச்சு முடிந்தது. ரெண்டு வாரமாக மேனேஜர் வீட்டில் இருந்த எல்லாத் துண்டுகளையும் மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தான்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு மாத்திரையைப் போட்டுவிட்டு, ஒன்பது மணிக்குப் பவனியைத் தொடங்கி, எப்படியோ பத்து மணிக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தார்கள். மனைவி ஒரு முழுப் பக்கத்துக்கு எழுதிக் கொடுத்திருந்த சீட்டு மெக்கானிக்கின் இன்னொரு சட்டைப் பையில், வீட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. அது அவருக்கு ஆஸ்பத்திரி வாசலில்தான் ஞாபகம் வந்தது.

வலிப்போடு அறிவு வளர்ச்சிக் குறைபாடும் உள்ளவர்களுக்கென்றே புதன்கிழமை தோறும் தனியாக ஒரு பிரிவு நடந்தது. கூட்டம் இல்லை. ஒவ்வொருவருக்கும் மற்றவர்களைப்போல ரெண்டு மடங்கு நேரம் ஒதுக்கியிருந்தார்கள். டாக்டருக்கு முன்னால் நர்ஸைப் பார்க்க வேண்டும். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். அவர் குரலில் அவசரம் என்பது மருந்துக்கும் இல்லை. அவர்கள் உள்ளே போனதும் தன் நாற்காலியை இழுத்து, மெக்கானிக்குக் கொஞ்சம் முதுகு தெரிகிற மாதிரி, நேராக மேனேஜருக்கு எதிரே போட்டுக்கொண்டார்.

"வணக்கம். உங்கள எப்படிக் கூப்பிடணும்?"

மெக்கானிக் பெயரைச் சொல்ல வாயெடுத்தார்.

"மேனேஜர்," என்றான் மேனேஜர்.

"அப்படியா! எந்தக் கம்பெனிக்கு?"

"எல்லாத்துக்கும்."

"ரொம்ப நல்லதாப் போச்சு. எனக்கு மேல ஒருத்தர் இருக்கார்னு இன்னிக்குத்தான் தெரியுது." நர்ஸ் மேசையிலிருந்து ஒரு கெட்டித்தாளை எடுத்தார். மேலே பெரிய எழுத்தில் 'என்னைப் பற்றி' என்று அச்சடித்திருந்தது. "இத நாம ரெண்டு பேரும் சேர்ந்து எழுதப் போறோம். நீங்க எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இதக் காட்டினா போதும், உங்களப் பத்தி அவங்களுக்குப் புரியும். சரியா? உங்ககிட்ட எப்படிப் பேசினா உங்களுக்குப் பிடிக்கும்?"

"அவனுக்குக் கொஞ்சம் சத்தமா—" என்று ஆரம்பித்தார் மெக்கானிக்.

"சார், உங்களுக்கு நல்ல நாற்காலியாத்தான் போட்டிருக்கேன். உடம்புக்கு ரெஸ்ட் கிடைச்சாச்சு, வாய்க்கும் கொஞ்சம் குடுங்க," என்றார் நர்ஸ் சிரித்துக்கொண்டே.

மெக்கானிக் வாயை மூடிக்கொண்டார். சுவர்க் கடிகாரத்தின் டிக் டிக் சத்தம் கேட்டது. மேனேஜர் யோசித்தான். அவன் யோசிக்க எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வான் என்று மெக்கானிக்குத் தெரியாது. அவ்வளவு நேரம் அவர் எப்போதும் பொறுத்திருந்ததில்லை.

"மெதுவா," என்றான் மேனேஜர் கடைசியில். "என்கிட்ட. அத்தான்கிட்ட இல்ல."

நர்ஸ் அதை அப்படியே எழுதினார். "எங்கயாவது வலிச்சா, மத்தவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பாட்டு வராது."

"பாட்டுன்னா?"

"ம்ம்ம்..." என்று மேனேஜர் ராகம் இழுத்துக் காட்டினான். "இது வராது."

மெக்கானிக்குச் சுருக்கென்றது. வேலை செய்யும்போது வாய்க்குள்ளேயே ஏதோ ஒன்றை முனகிக்கொண்டிருப்பது இவன் வழக்கம். அந்தச் சத்தம் கேட்டுப் பல மாதம் ஆகிவிட்டதென்று அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதுதான் அவருக்கு உறைத்தது. காலையில் தொணதொணப்பு இல்லாமல் வீடு அமைதியாக இருக்கிறதே என்று நடுவில் சந்தோஷப்பட்டதுகூட ஞாபகம் வந்தது.

"சரி, மேனேஜர். அந்த மூலையில ஒரு எடை மெஷின் இருக்கு பாருங்க. அது வரைக்கும் நடந்து போய் ஏறி நிக்கிறீங்களா?"

மேனேஜர் எழுந்தான். நாற்காலியின் முதுகைப் பிடித்தான், மேசை விளிம்பைப் பிடித்தான், பிடிக்க ஒன்றும் இல்லாத இடம் வந்ததும் நின்றான். பிறகு இடது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, கால்களை அகல வைத்து, மிதந்துபோகிற கட்டுமரத்தில் நடப்பவன் மாதிரி நடந்தான்.

நர்ஸ் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"ஏன் ஒரு கண்ண மூடுறீங்க, மேனேஜர்?"

மெக்கானிக்குக் காது சூடாகிவிட்டது. சலவைக்கூடத்து விவகாரம் இங்கேயும் வந்துவிட்டதே என்று, "சிஸ்டர், அது வந்து, தப்பா நினைக்காதீங்க, நான் கண்டிச்சு வச்சிருக்கேன்—" என்றார்.

நர்ஸ் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். மேனேஜர் எடை மெஷின் மேல் நின்றபடி, ஒற்றைக் கண்ணால் மெக்கானிக்கைப் பார்த்தான்.

"ரெண்டு அத்தான் இருக்காங்க," என்றான். "ஒரு அத்தானப் போகச் சொல்ல, கண்ண மூடணும்."

நர்ஸ் மெதுவாக எழுந்து போய் அவன் எதிரே நின்று, ஒரே ஒரு விரலை நீட்டினார். "ரெண்டு கண்ணையும் திறந்து பாருங்க. எத்தன விரல்?"

"ரெண்டு."

"இப்ப ஒரு கண்ண மூடுங்க."

"ஒண்ணு."

"இது எப்பவும் இருக்கா?"

"காலைல. மாத்திரை சாப்பிட்டு, படில வரும்போது ரெண்டு படி. எது நிஜப்படின்னு தெரியாது. மத்தியானம் சாப்பிட்டப்புறம் ஒரு அத்தான்தான்."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"சொன்னேன். தினமும் சொன்னேன்," என்றான் மேனேஜர். "எல்லாரும் சிரிச்சாங்க."

மெக்கானிக்கின் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. பழுதென்று கூப்பிடுகிற ஆள் என்ன சொன்னாலும் சிரிக்க மாட்டார். ஒரு கட்டடத்தில் ஆறாவது மாடிப் பெண் ஒருத்தி, "லிஃப்ட் இருமுது" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். இவர் மேலே ஏறிப் பார்த்தார். பிரேக்கில் தேய்மானம் இருந்தது. தெரிந்த வார்த்தையைத்தான் மனுஷன் சொல்வான், நாம்தான் போய்ப் பார்க்க வேண்டும் என்று தன்னிடம் வேலை பழகியவர்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறார். ஊரார் வீட்டு லிஃப்ட்டுக்குக் கொடுத்த காதை மச்சானுக்குக் கொடுக்கவில்லை.

நர்ஸ் கதவைத் திறந்து டாக்டரைக் கூப்பிட்டார். டாக்டர் நெட்டையான, இளம் வயதுக்காரர். உள்ளே வந்ததும் பழக்கதோஷத்தில் மெக்கானிக்கைப் பார்த்து, "இவருக்கு எத்தன நாளா—" என்று தொடங்கினார். நர்ஸ் அந்தக் கெட்டித்தாளை அவர் முன்னால் நீட்டி, விரலால் ஒரு வரியைத் தொட்டார். டாக்டர் படித்தார். மன்னிப்புக் கேட்கிற மாதிரி தலையை ஆட்டிவிட்டு, மேனேஜர் பக்கம் திரும்பிக் குனிந்து உட்கார்ந்தார்.

"உங்களுக்கு எத்தன நாளா இப்படி இருக்கு, மேனேஜர்?"

பரிசோதனை நிதானமாக நடந்தது. விரலைத் தொடச் சொன்னார், கோட்டில் நடக்கச் சொன்னார், கண்ணை இப்படியும் அப்படியும் ஓட்டச் சொன்னார். பிறகு, "ரத்தத்துல மருந்து எவ்வளவு இருக்குன்னு பார்க்கணும். இப்பவே பார்க்கணும், ரெண்டு அத்தானும் இருக்கும்போதே," என்றார்.

ஊசி என்றதும் மேனேஜரின் முகம் மாறியது. ரெண்டு கையையும் கக்கத்தில் சொருகிக்கொண்டான். போன தடவை வேறொரு இடத்தில் நாலு பேர் சேர்ந்து அவனை அமுக்கிப் பிடித்துத்தான் ரத்தம் எடுத்தார்களென்று அக்கா சொல்லி அழுதிருந்தாள். மெக்கானிக் அமுக்குவதற்குத் தயாராகச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"நீங்க கைய இறக்குங்க சார்," என்றார் நர்ஸ். "இங்க யாரும் யாரையும் பிடிக்கிறதில்ல." ஒரு குழாயிலிருந்து களிம்பை எடுத்து மேனேஜரிடம் காட்டினார். "இதத் தடவினா தோல் தூங்கிடும். முக்கால் மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் உக்காந்து பேசுவோம். அப்புறம் நீங்க 'சரி'ன்னு சொன்னாத்தான் ஊசி. சொல்லலைன்னா இல்ல."

மேனேஜர் ஒரு நிபந்தனை போட்டான். "அத்தானுக்கு முதல்ல."

"அத்தானுக்கு எதுக்கு? அவருக்கு ஒண்ணும் இல்லையே."

"எப்படிப் போடுறீங்கன்னு பார்க்கணும்."

நியாயமான மேற்பார்வைதான். நர்ஸ் மெக்கானிக்கைப் பார்த்தார். எண்பது அடி ஆழக் குழியின் மேல் ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிற மனுஷர், வேறு வழியில்லாமல் கையை நீட்டினார். முழங்கைக்கு மேல் பட்டையைக் கட்டி, பஞ்சால் துடைத்து, ஊசியைக் காட்டியது வரைக்கும்தான் அவருக்கு ஞாபகம். உண்மையில் குத்தவே இல்லை. கண் திறந்தபோது கட்டிலில் படுத்திருந்தார். கால்களுக்கடியில் ரெண்டு தலையணை. மேனேஜர் தலைமாட்டில் நின்று கெட்டித்தாளால் விசிறிக்கொண்டிருந்தான்.

"நீளமா மூச்சு விடுங்க அத்தான்," என்றான். "ஒண்ணும் இல்ல. பயப்படாதீங்க. நான் இருக்கேன்."

டாக்டர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு மேனேஜருக்கு ஊசி ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. களிம்பு தடவிய கையை மேசைமேல் வைத்தான், குழாயில் ரத்தம் ஏறுவதைக் கடைசிவரை கண்காணித்தான், "ம்... சரி" என்றான்.

முடிவு வர ரெண்டு மணி நேரமாகும் என்றார்கள். ரெண்டு பேரும் ஆஸ்பத்திரி கேன்டீனில் போய் உட்கார்ந்து டீயும் ரொட்டியும் வாங்கினார்கள். மெக்கானிக் ரொட்டியைப் பிட்டு, தின்னாமல் தட்டிலேயே வைத்தார்.

"நான் உன்னப் படியில வச்சுத் தினமும் திட்டினேன்ல?" என்றார்.

"ஆமா," என்றான் மேனேஜர், ரொட்டியை டீயில் நனைத்தபடி. "ரெண்டு பேரும் திட்டினீங்க."

மெக்கானிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "தப்பு என்மேலதான்ப்பா. ஸாரி."

மேனேஜர் அவருடைய வலது தோளுக்கு அந்தப் பக்கம் இருந்த காலி இடத்தைச் சுட்டிக் காட்டினான். "அவரு?"

மெக்கானிக் கொஞ்சம் நகர்ந்து அந்த இடத்தில் உட்கார்ந்து, "ஸாரி," என்றார் இன்னொரு தடவை. பக்கத்து மேசையில் இருந்தவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும் என்றிருந்தது அவருக்கு.

ரத்த முடிவைப் பார்த்துவிட்டு டாக்டர் ஒரு தாளில் படம் வரைந்து மேனேஜருக்கு விளக்கினார். மருந்து நல்ல மருந்துதான். ஆனால் காலையில் மொத்தமும் ஒரே நேரத்தில் ரத்தத்தில் குதித்துவிடுகிறது. அதனால் கண் ரெண்டாகப் பார்க்கிறது, கால் தள்ளாடுகிறது. ராத்திரி மாத்திரையிலும் அப்படித்தான், ஆனால் அப்போது தூங்கிவிடுவதால் தெரிவதில்லை. அதே மருந்தில், மெல்லக் கரைகிற மாத்திரை ஒன்று இருக்கிறது. அளவையும் ஒரு துளி குறைத்து, படிப்படியாக மாற்றலாம். "நாமாவே நிறுத்தக் கூடாது. ஒரு வேளைகூட விடக் கூடாது. வலிப்பு வந்தா காலண்டர்ல ஒரு வட்டம் போடணும், எத்தன நிமிஷம்னு எழுதணும். செய்வீங்களா?"

"செய்வேன்," என்றான் மேனேஜர். "அக்காவுக்குக் கால் உடைஞ்சிருக்கு. நான்தான் எல்லாம் பார்க்கணும்."

வீட்டுக்கு வந்து மெக்கானிக் நடந்ததையெல்லாம் சொன்னபோது அக்கா அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். எட்டு மாதம் தானும்தானே சிரித்தோம் என்று அவளுக்கு ஆறவில்லை. புருஷன் மயங்கி விழுந்த கதைக்கு வந்ததும்தான் முகம் தெளிந்தது. அதை மூன்று தடவை திரும்பச் சொல்லச் சொன்னாள். மூன்றாவது தடவை மேனேஜரே விழுந்து நடித்துக் காட்டினான்.

மாத்திரை மாற்றி மூன்றாவது வாரம் ஒரு காலை. மெக்கானிக் கருவிப் பையை மாட்டிக்கொண்டிருந்தபோது படிக்கட்டிலிருந்து முனகல் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தார். மேனேஜர் ஒரு கை கைப்பிடியிலும் ஒரு கை சட்டைப் பையிலுமாக, பாட்டோடு கீழே போய்க்கொண்டிருந்தான். "அத்தான், நேரமாகுது!" என்று முதல் மாடியிலிருந்து குரல் வந்தது.

அன்றைக்கே ரெண்டு பேரும் டாக்டர் கடிதத்தோடு சலவைக்கூடத்துக்குப் போனார்கள். உள்ளே நீராவியும் சோப்பு வாசனையும். வரிசையாக உருண்டுகொண்டிருக்கிற இயந்திரங்கள். காதில் பேனா சொருகிய சூப்பர்வைசர் கடிதத்தைப் படித்தார். மறுபடி படித்தார். பேனாவை எடுத்துத் தலையைச் சொறிந்தார். "இது தெரியாம... நான் பாட்டுக்கு எழுதிட்டேனே," என்றார். மேனேஜருக்கு எதிர்முனை பிடித்து மடிக்கிற பெண்ணை எல்லோரும் 'இஸ்திரி அக்கா' என்பார்கள், பேரன் எடுத்தவள். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "அடப் போங்க தம்பி! இந்த வயசுலயும் என்னப் பார்த்துக் கண்ணடிக்க ஒரு ஆள் இருக்குன்னு எங்க வீட்டுக்காரர்கிட்டப் பெருமையடிச்சு வச்சிருக்கேன். இனிமே அந்த மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

கூடமே சிரித்தது. மேனேஜர் சிரிக்கவில்லை. அவனுக்கு வேறொரு காரியம் இருந்தது. சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்தான். வலிப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று நர்ஸ் படம் போட்டுக் கொடுத்தது.

"எல்லாரும் கத்துக்கணும்," என்றான். "இப்ப."

மேனேஜர் சுற்றும் பார்த்து, அப்போதுதான் வெளுத்து வந்த விரிப்புக் குவியலின் மேல் சாவகாசமாகப் படுத்துக்கொண்டான். "அது நாளைக்கு டெலிவரி போற துணிப்பா!" என்று சூப்பர்வைசர் பதறினார். "வலிப்பு இடம் பார்த்து வராது," என்றான் மேனேஜர், படுத்தபடியே.

கையையும் காலையும் உதறிக் காட்டினான். இஸ்திரி அக்கா ஓடிப் போய் ஒரு ஸ்பூனை எடுத்துவந்தாள். மேனேஜர் உதறலை நிறுத்தி எழுந்து உட்கார்ந்தான். "வாயில ஒண்ணும் வைக்கக் கூடாது. தப்பு. மறுபடி." மறுபடி படுத்தான். சூப்பர்வைசர் தோளை அமுக்கிப் பிடித்தார். "அமுக்கக் கூடாது. தப்பு. மறுபடி." மூன்றாவது தடவை பக்கத்திலிருந்த வண்டியைத் தள்ளி வைத்தார்கள், தலைக்கடியில் துண்டு வைத்தார்கள், உதறல் நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள், பக்கத்தில் இருந்து மெதுவாகப் பேசினார்கள். எல்லோருக்கும் பெருமை. மேனேஜர் கண்ணைத் திறந்தான்.

"எத்தன நிமிஷம்?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யாரும் கடிகாரம் பார்க்கவில்லை.

"அஞ்சு நிமிஷத்துக்கு மேல போனா ஆம்புலன்ஸ் கூப்பிடணும்," என்றான் மேனேஜர். "டைம் பார்க்கலைன்னா எப்படித் தெரியும்? எல்லாரும் ஃபெயில்." அன்றைக்கு அவர்களுக்கு "சரி" கிடைக்கவில்லை. மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் திரும்ப நடத்தித்தான் கொடுத்தான்.

வலிப்பு ஒரேயடியாகப் போய்விடவில்லை; போய்விடும் என்று டாக்டரும் சொல்லவில்லை. ஆறாவது வாரம் ஒரு மதியம், மெக்கானிக் ஒரு கட்டடத்தின் உச்சியில் லிஃப்ட் மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தபோது போன் வந்தது. சூப்பர்வைசர். "சார், பதறாதீங்க. வந்துச்சு, நின்னுடுச்சு. ரெண்டு நிமிஷம் நாப்பது செகண்ட்."

மெக்கானிக் போய்ச் சேர்ந்தபோது மேனேஜர் ஓய்வறையில் ஒருக்களித்துப் படுத்திருந்தான். தலைக்கடியில் ஒழுங்காக மடித்த துண்டு. இஸ்திரி அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, வீட்டுக்காரரின் குறட்டையைப் பற்றி மெதுவான குரலில் ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள். மேனேஜரின் கண்களில் இன்னும் கலக்கம் இருந்தது. யார் வந்திருக்கிறார்கள் என்று தெரிய அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. மெக்கானிக் அவசரப்படுத்தவில்லை. தரையில் உட்கார்ந்து காத்திருந்தார்.

"டைம் பார்த்தாங்களா?" என்றான் மேனேஜர், குழறலாக.

சூப்பர்வைசர் உள்ளங்கையை நீட்டிக் காட்டினார். அதில் பேனாவால் எழுதியிருந்தது: வந்தது 1.12, நின்றது 1.14, 40 செகண்ட். வியர்வையில் மை கொஞ்சம் கரைந்திருந்தது.

மேனேஜர் அதை எழுத்துக்கூட்டிப் படித்தான். "ம்... சரி," என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனான். சூப்பர்வைசர் சாயங்காலம்வரை அந்தக் கையைக் கழுவவில்லை என்று பிற்பாடு இஸ்திரி அக்கா சொன்னாள்.

மூன்று மாதம் கழித்து, டாக்டரைப் பார்க்க வேண்டிய அடுத்த புதன்கிழமை வந்தது. அக்காவின் கால் கூடிவிட்டிருந்தது. என்னென்ன கேள்வி கேட்க வேண்டும் என்று ஒரு நோட்டுப் புத்தகமே எழுதி எடுத்துக்கொண்டு அவளும் கிளம்பினாள். மூன்று பேரும் நீள பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தார்கள். காலண்டரைச் சுருட்டி மேனேஜர் கையில் வைத்திருந்தான்; மூன்று மாதத்தில் ரெண்டே வட்டம்.

நர்ஸ் கதவைத் திறந்து, "மேனேஜர், வாங்க," என்றார்.

மூன்று பேரும் எழுந்தார்கள். மேனேஜர் திரும்பி அவர்களைப் பார்த்தான்.

"நீங்க உக்காருங்க," என்றான். "கூப்பிட்டது என்னைத்தான்."

கதவு சாத்திக்கொண்டது. அக்கா நோட்டுப் புத்தகத்தோடு நின்றது நின்றபடியே நின்றாள். "என்னங்க இது? உள்ள போய் என்னன்னு சொல்லுவான்?"

"அவனுக்குத் தெரிஞ்ச மாதிரி சொல்லுவான். நீ உக்காரு."

அவள் உட்காரவில்லை. கதவோரம் போய்க் காதை வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை, திடீரென்று உள்ளே மூன்று பேர் சேர்ந்து சிரிக்கிற சத்தம். "சிரிக்கிறாங்க. எதுக்குச் சிரிக்கிறாங்க?" என்று கிசுகிசுத்தாள். மெக்கானிக்குக்கும் உள்ளுக்குள் படபடப்புதான். ஆனாலும் இடத்தை விட்டு எழுந்திருக்கக் கூடாதென்று பெஞ்சின் விளிம்பை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இருபது நிமிஷம் கழித்து மேனேஜர் வெளியே வந்தான். மருந்துச் சீட்டை மெக்கானிக்கிடம் கொடுத்தான். மாத்திரை அதேதான், மாற்றமில்லை. கீழே டாக்டர் கையெழுத்தில், 'மூன்று மாதம் கழித்து மேனேஜர் வர வேண்டும்' என்று எழுதியிருந்தது.

"டாக்டர் என்ன சொன்னாரு?" என்றாள் அக்கா.

"நல்லாப் பேசினாரு."

"என்ன பேசினாரு?"

மேனேஜர் கொஞ்ச நேரம் யோசித்தான். ரெண்டு பேரும் காத்திருந்தார்கள்.

"அது எனக்கும் டாக்டருக்கும்," என்றான்.

அக்கா நோட்டுப் புத்தகத்தை மறுபடி பிரித்தாள். மெக்கானிக் அவள் கையிலிருந்த நோட்டுப் புத்தகத்தை மெல்ல வாங்கித் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். வாசலில் பஸ் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. "வேகமா வாங்க, ரெண்டு பேரும் எப்பவும் லேட்டு," என்று சொல்லிக்கொண்டே மேனேஜர் முன்னால் நடந்தான். அக்கா புருஷனின் தோளைப் பிடித்துக்கொண்டு, புதிதாகக் கூடிய காலைப் பதனமாக ஊன்றி, சிரிப்பை அடக்கிக்கொண்டு பின்னால் போனாள்.